பதில் வருமுன் குடித்த காப்பி

சனிக்கிழமை காலையில் ஃபவ்வாஸ் தானாக எழுந்தான் என்று சொன்னால் இர்பித் ஊரில் ஒருத்தரும் நம்பமாட்டார்கள். எழுந்ததோடு விட்டானா? மனைவியின் நீளக் கோட்டை இஸ்திரி போட்டான். காரைத் துடைத்தான். முனைக்கடைக்குப் போய் எள் ரொட்டியும் சுட்ட முட்டையும் வாங்கி, ஸஅதர் என்கிற மூலிகைப் பொடியைத் தனியாகப் பொட்டலம் கட்டி, முன்சீட்டில் கொண்டுவந்து வைத்தான்.

மைசூன் அதைப் பார்த்து நெகிழ்ந்துபோனாள். நெகிழ்ந்திருக்க வேண்டாம். ஆனால் இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவன் ஒருநாள் கரிசனமாக நடந்துகொண்டால் யாருக்குத்தான் சந்தேகம் வரும்?

கதையில் இப்போதுதான் வந்து உட்காருகிறவர்களுக்காக ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். மைசூன் அரசுப் பெண்கள் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு டீச்சர். அவள் வகுப்பில் ஜுமானா என்றொரு பிள்ளை. திக்குவாய். பள்ளி திறந்ததிலிருந்து ஊரில் ஆலிவ் பறித்து முடிக்கும்வரை அந்தப் பிள்ளை வகுப்பில் ஒரு சொல் பேசவில்லை. மைசூன் கெஞ்சினாள், மிட்டாய் கொடுத்தாள், தனியாக உட்காரவைத்துப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு ஒருநாள் வீட்டிலிருந்து காப்பிக் கெண்டியையும் பிடியில்லாத சின்னக் கோப்பைகளையும் பள்ளிக்குத் தூக்கிப் போனாள். பெண் கேட்கவோ, சண்டையைத் தீர்க்கவோ பெரியவர்கள் கூட்டமாக ஒரு வீட்டுக்குப் போவார்களே, ஜாஹா, அதை வகுப்பிலேயே நடத்தினாள். பிள்ளைகள் எல்லாரும் பெரிய மனிதர்களாகி ஜுமானாவின் முன்னால் போய் உட்கார்ந்தார்கள். கெண்டியிலிருந்து சோம்புத் தண்ணீர் ஊற்றினாள் மைசூன். ஒரு பிள்ளையும் குடிக்கவில்லை. கோப்பையைத் தரையில் வைத்துவிட்டு, நீ ஒரு வரி படிக்கிறவரை நாங்கள் தொடமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

ஜாஹாவில் கேட்டது கிடைத்தால்தான் காப்பி வாய்க்குப் போகும். கிடைக்காமல் விருந்தாளி எழுந்து போனால் அந்த வீட்டுக்கே அவமானம். இது அங்கே தொட்டில் பிள்ளைக்கும் தெரியும். ஜுமானா கோப்பைகளைப் பார்த்தாள், முகங்களைப் பார்த்தாள். அப்புறம் புத்தகத்தை எடுத்தாள். திக்கித் திக்கி, ஒரு வரி முழுசாகப் படித்துவிட்டாள்.

ஜன்னல் விளிம்பில் நிற்கவைத்திருந்த மைசூனின் ஃபோன் அதைப் படம் பிடித்தது. ஜுமானாவின் அம்மா உம்மு ஹம்சா முன்பே கேட்டிருந்தாள். கணவர் குவைத்தில் இருக்கிறார், மகள் படித்து அவர் கேட்டதேயில்லை என்று. கூடவே ஒரு நிபந்தனையும் போட்டிருந்தாள்.

"அவ அப்பாவைத் தவிர யாரும் பாக்கக் கூடாது மிஸ். எங்க வீட்டாளுங்க வாயில விழுந்தா புள்ள மறுபடியும் வாயை மூடிக்கும்."

"என் தலைமேல ஆணை," என்றாள் மைசூன்.

ஃபவ்வாஸுக்கு மட்டும் காட்டினாள். கணவன் என்ன வேற்று ஆளா? பார்த்துவிட்டு அவன்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அதுவரைக்கும்தான் போன வாரம் சொன்ன கதை.

இந்த வாரம் மாநாடு.

நாடு முழுவதிலிருந்தும் ஆசிரியர்கள் வந்து குவிகிற மாநாடு. கல்வி அலுவலகத்தில் சீட்டுக் குலுக்கி ஆள் எடுத்தார்கள். மைசூனின் பெயர் வந்தது. மற்ற டீச்சர்கள் எல்லாம் இர்பித்திலிருந்து பஸ்ஸில் போக, இவளை மட்டும் புருஷன் தலைநகர் அம்மானுக்குக் காரில் அழைத்துப் போனான். வழியெல்லாம் நிகழ்ச்சி நிரல் புத்தகம் அவன் மடியில்தான் இருந்தது. ஜெரஷ் தாண்டியதும் ஓரமாக வண்டியை நிறுத்தி ஒரு பக்கத்தை மடித்து, பேனாவால் வட்டம் போட்டு, அவள் பையில் செருகினான். பத்தரை மணிக்கு மூன்றாம் ஹால், கணக்குச் சொல்லித்தரும் புது முறை, தவறவிடாதே என்றான். பெரிய ஹால் பக்கம் போகாதே, கூட்டம் நெரியும் என்றான்.

ஃபவ்வாஸ் கார் உதிரிபாகக் கடைக்காரன். சொந்த மகன் அனஸின் கணக்கு நோட்டை ஒருநாள் திறந்து பார்த்ததில்லை. அவனுக்குத் திடீரென்று கணக்குப் பாடத்தில் இத்தனை அக்கறை எங்கிருந்து வந்தது என்று மைசூன் யோசித்திருக்கலாம். அவள் எள் ரொட்டியில் முட்டையை வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

மண்டப வாசலில் கல்யாண வீட்டுக் கூட்டம். கழுத்தில் பெயர் அட்டை, தோளில் துணிப்பை, பைக்குள் ஒரு பேனா. அச்சடித்த பெரிய பலகைக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ள வரிசை. சுவரில் ஒட்டிய வண்ணக் காகிதங்களில் உங்கள் கனவை எழுதுங்கள் என்றார்கள். யாரோ ஒரு டீச்சர் 'வகுப்பில் நாற்பது பிள்ளைக்குக் குறைவாக' என்று எழுதி ஒட்டியிருந்தாள். தொடக்க உரை முடிவதற்குள் எல்லாரும் இரண்டு முறை எழுந்து நின்று கைதட்டி, பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துச் சிரிக்கவேண்டியிருந்தது. பயிற்சி மணிநேரம் கணக்கில் ஏறினால்தான் பதவி உயர்வு என்பதால் ஒருத்தரும் முகம் சுளிக்கவில்லை.

பத்தரைக்கு மூன்றாம் ஹாலுக்குப் போனாள். வாசலில் நின்ற தொண்டர் பெண் உள்ளே உட்கார இடமில்லை என்று கதவைச் சாத்திவிட்டாள். பின்னால் வந்த கூட்டம் பெரிய ஹால் பக்கம் திரும்பியது. அதோடு மைசூனும் போனாள், கடைசி வரிசையில் ஒரு நாற்காலி கிடைத்தது.

மேடையில் இப்திசாம் நின்றாள்.

இப்திசாம் ஃபவ்வாஸின் அக்கா. அம்மானில் ஒரு தனியார் பள்ளியில் கீழ் வகுப்புகளுக்குப் பொறுப்பாளி. நாத்தனார் மேடை ஏறியிருக்கிறாள், எனக்குச் சொல்லவில்லையே என்று மைசூனுக்குச் சின்னதாக ஒரு குறை. அதற்கு மேல் பெருமை. பக்கத்தில் இருந்தவளிடம், அவர் என் நாத்தனார் என்று சொல்லிக்கொண்டாள். கையசைக்கக்கூட எழப்போனாள். அப்போதுதான் திரையில் படம் வந்தது.

மூக்கு நெளிந்த ஒரு காப்பிக் கெண்டி. அனஸ் சின்ன வயதில் மாடிப்படியில் உருட்டி விட்டதில் நெளிந்த மூக்கு.

அதைப் பிடித்திருந்த கை மைசூனின் கை. கை மட்டும்தான் தெரிந்தது, முகம் தெரியவில்லை. ஆனால் ஜுமானாவின் முகம் தெரிந்தது. திரை முழுக்கத் தெரிந்தது. திக்கும்போது இறுக மூடிக்கொள்ளும் அந்தக் கண்கள், துடிக்கும் தாடை, எல்லாமே ஒரு சுவர் அளவுக்குப் பெரிதாகத் தெரிந்தன. அந்த ஒரு வரி ஹால் முழுக்கக் கேட்டது.

இப்திசாம் அழகாகப் பேசினாள். இல்லை என்று சொல்லமாட்டேன். எங்கள் பள்ளியில், என் வகுப்பில், ஒரு மௌனமான குழந்தையை நம் மரபின் வழியே எப்படித் திறந்தேன் என்று சொன்னாள். பல இரவுகள் தூங்காமல் யோசித்தாளாம். ஆட்கள் ஃபோனைத் தூக்கித் திரையைப் படம் பிடித்தார்கள். சில பெண்கள் அழுதார்கள்.

மைசூனுக்கு அழுகை வரவில்லை. இந்தப் படம் தன் ஃபோனிலும் உம்மு ஹம்சாவிடமும் மட்டும்தானே இருந்தது என்று நினைத்தாள். நினைத்த மறுகணமே யாரென்று தெரிந்துவிட்டது. இஸ்திரி போட்ட கோட்டு உடம்பில் எரிந்தது. எள் ரொட்டி, வட்டம் போட்ட பக்கம், பெரிய ஹால் பக்கம் போகாதே. அத்தனை கரிசனமும் அவளைக் கட்டிக் காவல் வைத்த கரிசனம்.

கேள்விகள் உண்டா என்று கேட்டார்கள். மைக் கைமாறிக் கைமாறிப் பின்னால் வந்தது. மைசூன் எழுந்து வாங்கிக்கொண்டாள். இப்திசாம் அவளைப் பார்த்துவிட்டாள். சிரித்துக்கொண்டிருந்த வாய் சிரித்தபடியே நின்றது.

"அந்தக் குழந்தையோட பேர் என்ன மிஸ்?" என்று கேட்டாள் மைசூன்.

இப்திசாம் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து ஒரு வாய் குடித்தாள். அதற்குள் வார்த்தை கிடைத்துவிட்டது.

"பேரைச் சொல்றதில்லைங்க. குழந்தையோட அந்தரங்கத்தை மதிக்கணும், இல்லையா?"

ஹால் முழுக்கக் கைதட்டியது. மைசூன் மைக்கைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்தவள் அவள் தோளைத் தட்டி, உங்கள் நாத்தனார் என்ன அருமையாகப் பதில் சொன்னார் என்றாள்.

வெளியே இடைவேளை. குட்டிக் குட்டி இனிப்புகளை டீச்சர்கள் காகிதத்தில் சுற்றிப் பிள்ளைகளுக்காகப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார்கள். மைசூனின் பள்ளியில் நான்காம் வகுப்பு எடுக்கும் டீச்சர் ஃபோனை நீட்டியபடி வந்தாள். ஆசிரியர் குழுவில் யாரோ போட்டிருந்த படம். இது நம்ம ஜுமானா இல்லையா, எப்படி இங்கே வந்தது என்று கேட்டாள். மைசூன் தன் ஃபோனை எடுத்து, கார் நிறுத்துமிடத்தில் இருந்த ஃபவ்வாஸைக் கூப்பிட்டு, உள்ளே வாங்க என்றாள்.

அவன் வந்தான். ஒரு தூணுக்குப் பக்கத்தில் வட்ட மேசைமுன் உட்கார்ந்திருந்த அவள் முகத்தைப் பார்த்ததும் நடை தளர்ந்தது.

"மூணாம் ஹால்ல இடமில்லை," என்றாள் மைசூன்.

அவன் உட்கார்ந்தான். மேசையில் கிடந்த அவளுடைய பெயர் அட்டைக் கயிற்றை முறுக்கினான். பிறகு எல்லாம் கொட்டியது. இப்திசாமின் பள்ளியில் இந்த வருஷம் ஏதாவது செய்து காட்டினால்தான் வேலையில் வைத்துக்கொள்வார்களாம். கணவன் போனபிறகு இரண்டு பெண்களை வைத்துக்கொண்டு தனியாக நிற்கிறாள். அம்மா இறந்தபின் தன்னைக் குளிப்பாட்டிச் சோறூட்டி வளர்த்தவள் அவள். அழுதுகொண்டு கேட்டாள். மைசூன் தூங்கும்போது அவள் ஃபோனிலிருந்து அனுப்பிவிட்டான்.

இதில் ஒன்றும் பொய்யில்லை. இப்திசாம் பட்ட கஷ்டம் மைசூனுக்கும் தெரியும். அதனால்தான் அவளுக்கு இன்னும் வலித்தது.

"எங்கிட்ட கேட்டிருக்கலாமே."

"கேட்டா நீ மாட்டேன்னு சொல்லுவே. அதான் கேக்கல."

அவன் அதை ஒரு நியாயம் போலச் சொன்னான். கல்யாணமான நாளிலிருந்து அவன் சொன்ன எந்த வார்த்தையும் அவளை இப்படிக் குத்தியதில்லை. அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள் என்று நினைக்கிறேன்.

இப்திசாம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். வழியெல்லாம் வாழ்த்துச் சொல்கிறவர்களுக்குத் தலையாட்டியபடி வந்து, மேசைக்கு வந்ததும் முகத்தைத் தொங்கப்போட்டாள். வாசலில் விருந்தினருக்குக் கசப்புக் காப்பி ஊற்றுவதற்காக நீள அங்கி போட்ட ஒரு ஆளை அமர்த்தியிருந்தார்கள். அவரைக் கையாட்டிக் கூப்பிட்டாள். அவர் மூன்று சின்னக் காகிதக் கோப்பைகளில் அடி நனைய ஊற்றிக் கொடுத்துவிட்டுப் போனார்.

இப்திசாம் தன் கோப்பையை மைசூனுக்கு நேராக மேசையில் வைத்தாள்.

"நான் இப்போ உன் நாத்தனாரா வரல. ஜாஹாவா வந்திருக்கேன். நீ சரின்னு சொல்ற வரைக்கும் இதைத் தொடமாட்டேன்."

எத்தனை நெஞ்சழுத்தம் பாருங்கள். காலையில் திருடியதையே மதியம் திருட்டுக் கொடுத்தவள் முன்னால் வைக்கிறாள்.

அவள் கேட்டது இதுதான். ஐந்து மணிக்கு நிறைவு விழா. சிறந்த வகுப்பு எது என்று மேடையில் அறிவிப்பார்கள். அறிவிக்கப்பட்டவரை ஊர் ஊராகப் பயிற்சி கொடுக்க அனுப்புவார்கள். அதுவரை மைசூன் வாயைத் திறக்கக் கூடாது. அப்புறம் இரண்டு பேர் பெயரையும் சேர்த்துப் போட்டுவிடலாம். உனக்கும் நல்லதுதானே, குடும்பத்துக்குள்தானே இருக்கிறது என்றாள்.

"பேரை நீங்களே வச்சுக்கங்க அக்கா," என்றாள் மைசூன். "கெண்டியும் வேணும்னா எடுத்துக்கங்க. அந்தப் புள்ள முகத்தை எப்படித் திருப்பித் தருவீங்க?"

"ஒரு புள்ள முகம். அதை யார் ஞாபகம் வச்சுக்கப் போறா?"

"அதோட அம்மாவுக்கு நான் என் தலைமேல ஆணையிட்டுச் சொன்னேன். அந்தம்மா கண்ணுக்கு இப்போ நான்தான் துரோகி, நீங்க இல்ல. இந்தக் கோப்பையை என் முன்னாடி ஏன் வைக்கிறீங்க? சாயங்காலமே இர்பித்துக்கு வாங்க. உம்மு ஹம்சா வீட்டுக் கதவைத் தட்டி, அவ முன்னாடி வைங்க. அவ குடிங்கன்னு சொன்னா, ஜென்மத்துக்கும் நான் வாயைத் திறக்கமாட்டேன்."

இப்திசாமின் முகம் சிவந்தது. அந்தத் தெருவுக்கு நான் போய் ஒரு பொம்பளை முன்னாடி நிற்கிறதா என்றாள். குரல் உயர்ந்தது. பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பினார்கள். தம்பியைப் பார்த்து, நீயாவது சொல்லேன்டா என்றாள்.

தம்பி இரண்டு பெண்கள் நடுவில் மாட்டிக்கொண்டு, எங்கே பார்ப்பது என்று தெரியாமல், முன்னால் இருந்த தன் கோப்பையை எடுத்து ஒரே மடக்கில் குடித்தான். குடித்துவிட்டு, இன்னும் வேண்டாம் என்பதற்காகப் பழக்கதோஷத்தில் கோப்பையை லேசாக ஆட்டினான். ஆட்டியபிறகுதான் கையைப் பார்த்தான்.

ஜாஹாவுக்கு வந்தவன், பதில் வருமுன் காப்பியைக் குடிப்பதா? அவன் தாத்தா காலத்திலிருந்து அந்தக் குடும்பத்தில் யாரும் செய்திராத காரியம். இப்திசாம் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள்.

மைசூன் அந்தக் காலிக் கோப்பையையே பார்த்தாள். வீட்டில் எப்போதும் அவனை அபூ அனஸ் என்றுதான் கூப்பிடுவாள், மகன் பெயரை வைத்து, மரியாதையாக. இன்றைக்கு அது வாயில் வரவில்லை.

"ஃபவ்வாஸ்," என்றாள். "நான் இன்னும் சரின்னு சொல்லல."

"தெரியாம..."

"தெரியும். என் பதில் வர்றதுக்குள்ள நீங்க குடிச்சிடுவீங்க. எப்பவுமே அப்படித்தான். எனக்குத்தான் இன்னைக்கு வரைக்கும் கண்ணுல படல."

அவள் எழுந்தாள். துணிப்பையிலிருந்து வட்டம் போட்ட நிகழ்ச்சி நிரலை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். திரும்பும்போது டீச்சர்கள் வந்த பஸ்ஸில் வருகிறேன், காத்திருக்க வேண்டாம் என்றாள். ஐந்து மணிக்கு நீ மேடையில் ஏதாவது சொல்லப்போகிறாயா என்று இப்திசாம் பின்னாலிருந்து கேட்டாள். இப்திசாமின் கோப்பை தொடாமலே ஆறிக்கிடந்தது. மைசூன் நடந்துகொண்டே இருந்தாள்.

மதியம் முழுக்க மைசூன் எந்த ஹாலுக்கும் போகவில்லை. தொழுகை அறையில் போய் உட்கார்ந்து, உம்மு ஹம்சாவின் எண்ணை எடுப்பதும் அணைப்பதுமாக இருந்தாள். எப்படி ஆரம்பிப்பது? என் புருஷன் அனுப்பினான் என்றா? என் நாத்தனார் திருடினாள் என்றா? எந்தப் பக்கம் திருப்பினாலும் வாக்குக் கொடுத்தது தன் வாய்தான் என்று வந்து நின்றது. ஐந்து மணி நெருங்க, பெரிய ஹாலின் வாசலுக்கு வந்தாள். உள்ளே நாற்காலிகள் நிறைந்துகொண்டிருந்தன. முன்வரிசையில் இப்திசாமும், பக்கத்தில் தலைகுனிந்தபடி ஃபவ்வாஸும் தெரிந்தார்கள். அவன் அங்கே போய் உட்கார்ந்ததைப் பார்த்தபோது, மிச்சமிருந்த கொஞ்சமும் அவளுக்குள் அறுந்துபோனது.

அப்போது ஃபோன் அடித்தது. உம்மு ஹம்சா.

படத்தைப் பார்த்துவிட்டாள் என்றே மைசூன் நினைத்தாள். எடுத்தாள். ஆனால் வந்தது அம்மாவின் குரல் இல்லை.

"மி... மிஸ். நான் ஜு... ஜுமானா."

அந்தப் பிள்ளை ஃபோனில் பேசியதேயில்லை. பெற்ற அப்பாவிடமே பேசியதில்லை.

"சொல்லு கண்ணு."

"நீ... நீங்க இன்னைக்கு ஸ்கூலுக்குப் போயிருக்கீங்களாம். மி... மிஸ்ஸுங்க எல்லாம் படிக்கிற ஸ்கூலாம். அம்மா சொன்னாங்க. எ... என்ன படிச்சீங்க?"

உள்ளே ஒலிபெருக்கியில் யாரோ எல்லாரையும் அமரச் சொன்னார்கள். மைசூன் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அம்மாகிட்ட ஃபோனைக் குடும்மா. அம்மாகிட்ட ஒண்ணு சொல்லணும்."

"மு... முதல்ல எனக்குச் சொல்லுங்க," என்றாள் ஜுமானா. "கை... கையில கோப்பை வச்சிருக்கேன். நீங்க சொல்ற வரைக்கும் நான் குடிக்க மாட்டேன்."

பின்னால் உம்மு ஹம்சா சந்தோஷமாகச் சிரிப்பது கேட்டது.